1.6-ஆ, 2.4-ஆ?

கேள்வி: ஒரே ஆளின் ஒரே சீரம். தொடர் குடியைக் காட்டும் சி.டி.டி. பரிசோதனையில் ஒரு லேப் 1.6 சதவீதம் என்கிறது, இன்னொன்று 2.4 என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டு லேபும் தவறே செய்யாமலும் இப்படி வரும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் பெரும்பகுதி நான்கு சியாலிக் அமிலங்களோடு (ஒருவகைச் சர்க்கரை) இருக்கும். வாரக்கணக்கில் அதிகம் குடித்தால், இரண்டு மட்டுமே உள்ள டைசியாலோ வடிவமும், ஒன்றுமே இல்லாத அசியாலோவும் கூடும். சி.டி.டி. காட்டுவது இந்தக் குறைந்த வடிவங்களின் சதவீதத்தை. பழைய கிட்டுகள் இவற்றில் எதை எண்ணுவது என்பதிலேயே வேறுபட்டன. சில, மூன்று உள்ள டிரைசியாலோவில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொண்டன. ஐ.எஃப்.சி.சி. (மருத்துவ வேதியியலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு) பணிக்குழு டைசியாலோவை மட்டும் அளவிட வேண்டும் என்று வரையறுத்து, வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் ஹெச்.பி.எல்.சி.யை ஒப்பீட்டு முறையாக்கியது. அந்த அளவுகோலில் 1.7 பரவலாகப் பயன்படும் எல்லை. பழைய கிட்டின் 2.4-ஐ இந்த 1.7-உடன் ஒப்பிடுவதுதான் வழக்கமான தவறு.

சரிசெய்வது பள்ளிக்கூடத்து நேர்கோட்டுக் கணக்குதான். ஒப்பீட்டு முறையில் 1.2, 4.0 என்று மதிப்பிட்ட இரண்டு சீரங்களை உங்கள் கருவி 1.9, 5.4 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாய்வு 2.8 ÷ 3.5 = 0.8, வெட்டு −0.32. இப்போது 2.4-ஐப் போடுங்கள்: 1.92 − 0.32 = 1.6. சண்டை தீர்ந்தது. ஆனால் அந்தச் சீரங்கள் நோயாளியின் சீரம்போலவே கருவியில் நடந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் திருத்தமே புதுப் பிழையைக் கொண்டுவரும்.

கணக்குக்கு அடங்காதவையும் உண்டு. ஹெச்.பி.எல்.சி.யில் 460 நானோமீட்டர் ஒளியில் தெரிவது இரும்பேறிய டிரான்ஸ்ஃபெரினின் நிறம். சீரத்தில் இரும்பை முழுதாக ஏற்றாமல் ஓட்டினால் வரைபடத்தின் உச்சிகள் பிளந்துபோகும். முற்றிய கல்லீரல் நோயில் டைசியாலோவும் டிரைசியாலோவும் ஒட்டிக்கொண்டு வரும். அங்கே எண் தராமல் 'மதிப்பிட இயலவில்லை' என்று எழுதுவதே நேர்மை. டிரான்ஸ்ஃபெரினின் மரபு வேறுபாட்டை ஹெச்.பி.எல்.சி. வரைபடம் காட்டிக்கொடுக்கும், வெறும் எண்ணை மட்டும் தரும் கிட்டில் அது கண்ணில் படாது.

கேள்வி: குடித்த ஆல்கஹாலால் ரத்தத்தில் உருவாகும் பாஸ்ஃபடிடைல்எத்தனாலை அளக்கும் பெத் பரிசோதனையில் ஒரு ரிப்போர்ட் 0.30, மற்றொன்று 211. இவ்வளவு வித்தியாசமா?

பதில்: வித்தியாசமே இல்லை. முன்னது லிட்டருக்கு மைக்ரோமோல், பின்னது மில்லிலிட்டருக்கு நானோகிராம். பெத்தின் 16:0/18:1 வகையின் மூலக்கூறு எடை 703; பெருக்கிப் பாருங்கள். வகையையும் அலகையும் ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள். இதற்குச் சீரம் உதவாது, முழு ரத்தம் வேண்டும். குழாயில் ஆல்கஹால் மிச்சமிருந்தால் அறை வெப்பத்தில் பெத் உள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் ரத்தத்தை மேசையில் விட்டுவைக்காதீர்கள். நாள்கணக்கில் சேமிப்பதென்றால் −80 டிகிரி.