அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் வட்டாரச் சமூகத் தோட்டப் பாத்தியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நட்ட கொடி, மூன்று முறை பிடுங்கியும் பக்கத்துக் கீரைப் பாத்திவரை படர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இலையைப் பாருங்கள். மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது வெடேலியா; வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகலாக, மடலின்றி இருக்கும். சந்தேகம் தீரும்வரை சமைக்க வேண்டாம்.

இழுத்துப் பிடுங்கியதுதான் தவறு. தண்டு மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும். அறுந்து தங்கிய சிறு துண்டும் புதுச் செடியாகிவிடும். நானும் ஓராண்டு இப்படித்தான் அதற்கு வேலை செய்து கொடுத்தேன்! மழை பெய்து மண் இளகியதும் தோட்ட முள்கரண்டியால் கிளறி, கணுக்களை வேரோடு எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முளைப்பதைக் களையுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் துளிர்க்கும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

வெடேலியாவின் பூ உங்களுக்குப் பிடித்திருந்தால் தொங்கும் தொட்டியில் வளருங்கள், நுனி தரையைத் தொடும் முன் வெட்டிவிடுங்கள். காலியான இடத்துக்கு வல்லாரை போதும்; அதுவும் ஓடும், ஆனால் துவையலாகித் தீர்ந்துவிடும்.