கேள்வி–பதில்: பெட்டியில் தூங்கும் பழைய புரோகிராம்கள்

கேள்வி: 1990 வாக்கில் எழுதியவை எல்லாம் ஐந்தேகால் அங்குல, மூன்றரை அங்குல பிளாப்பி வட்டுகளில் கிடக்கின்றன. யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்: மூன்றரைக்குப் போதும். ஐந்தேகாலுக்கு அந்தக் காலத்து டிரைவேதான் வேண்டும். அதை யுஎஸ்பியோடு இணைக்க, கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகை ஒன்றும் தேவை. டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டையும் தனி பவர் சப்ளையிலிருந்து கொடுங்கள். சாதாரண யுஎஸ்பியில் 5 வோல்ட் மட்டுமே வரும்.

டிரைவில் போடுமுன் உறையின் திறப்பு வழியாக வட்டைப் பாருங்கள். மூன்றரையானால் உலோக மூடியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். வெண்புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அப்படியே சுழலவிட்டால் அது ஹெட்டில், அதாவது வட்டைத் தொட்டு வாசிக்கும் முனையில், ஒட்டிக்கொண்டு அடுத்த வட்டையும் கீறிவிடும். பூஞ்சை பிடித்த வட்டைத் தனியே எடுத்துவையுங்கள். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அவ்வப்போது துடையுங்கள்.

அடுத்து, எழுத்துத் தடை. மூன்றரையில் மூலை ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகாலில் பக்கவெட்டை ஒட்டி மூடினால்தான் எழுத முடியாது. நேர் எதிர்! இதில் ஏமாந்தவர்கள் அனேகம். 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். வட்டு காலி என்று அதற்கு அர்த்தமில்லை, அமைப்பு புரியவில்லை என்பதுதான்.

கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்காமல் முழு வட்டையும் ஒரே இமேஜாக, அதாவது வட்டின் அச்சு நகலான ஒரே கோப்பாக, எடுங்கள். 1.44 எம்பி வட்டின் இமேஜ் சரியாக 14,74,560 பைட் இருக்கும். குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. சில செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்) அடம்பிடித்தால் வேறொரு டிரைவில் முயலுங்கள். எழுதிய டிரைவின் ஹெட் சற்று விலகியிருந்திருக்கலாம். அதே விலகல் உள்ள இன்னொன்று சுலபமாக வாசித்துவிடும்.

ஐந்தேகாலில் 360 கேபி வட்டை 1.2 எம்பி டிரைவில் வாசிக்கலாம், எழுதக் கூடாது. அதன் ஹெட் குறுகலானது. அகலமான பழைய தடத்தின் ஓரம் அழியாமல் நிற்பதால், 360 டிரைவ் பழையதையும் புதியதையும் சேர்த்து வாசித்துக் குழம்பும்.

கேள்வி: டர்போ பாஸ்கல் என்ற பழைய டாஸ் மென்பொருளில் எழுதிய புரோகிராம், திறந்தவுடனே 'ரன்டைம் எரர் 200', அதாவது பூஜ்யத்தால் வகுத்த பிழை, என்று நின்றுவிடுகிறது. அப்படி வகுக்கும் வரி எதுவும் அதில் இல்லையே?

பதில்: தவறு உங்களுடையதல்ல. 'யூசஸ் சிஆர்டி' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். சற்று நேரம் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளைக்காக, சிஆர்டி என்ற அந்த யூனிட் (தயார் நிரல் தொகுப்பு) தொடக்கத்திலேயே ஒரு வெற்றுச் சுழலைச் சுமார் 55 மில்லிசெகண்ட் ஓடவிட்டு, எண்ணிக்கையை 55-ஆல் வகுக்கும். வேகமான பிராசசரில் ஈவு 65,535-ஐத் தாண்டி, 16 பிட்டில் அடங்காமல் போகிறது. பிராசசர் அதை வகுத்தல் பிழை என்று அறிவிக்கிறது. டிலேயை நீங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் இதே கதைதான்.

மூல நிரல் கையில் இருந்தால் ஃப்ரீ பாஸ்கலில் கம்பைல் செய்துகொள்ளுங்கள். வெறும் எக்ஸி கோப்புதான் இருக்கிறது என்றால், பழைய டாஸ் கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள். அதிலும் அதே எரர் வந்தால், கன்ட்ரோல்-எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். 64 பிட் விண்டோஸ் இத்தகைய 16 பிட் புரோகிராமை நேரடியாக ஓட்டவே ஓட்டாது.

கேள்வி: ஜிடபிள்யூ-பேசிக் என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய கோப்பை நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாக இருக்கிறதே, கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சாதாரண 'சேவ்' கட்டளை, சொற்களைச் சுருக்கக் குறிகளாக மாற்றித்தான் சேமிக்கும். பிசி-பேசிக் என்ற இலவச மென்பொருளில் 'லோட்' செய்து, மீண்டும் சேமிக்கும்போது கோப்புப் பெயரின் மேற்கோளுக்குப் பின் கமாவும் 'ஏ' எழுத்தும் சேருங்கள். சாதா உரைக் கோப்பு கிடைத்துவிடும். நோட்பேடில் மட்டும் 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள்.