மஞ்சள் குருகைப் படம் எடுக்க வழிகாட்டியிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: நாணலுக்குள் வாழும் கொக்கு இனப் பறவையான மஞ்சள் குருகைப் படம் எடுக்க மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் ஏரிக்கரையைச் சுற்றி வருகிறேன். நாணலிலிருந்து திடீரென எழும்பும், கொஞ்ச தூரம் பறக்கும், மறுபடி நாணலுக்குள் விழுந்துவிடும். கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு வழிகாட்டி, அதன் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பதாகவும், கூடு இருக்கும் இடம் தெரியும் என்றும், படம் நிச்சயம் என்றும் சொல்கிறார். போகலாமா? என்னிடம் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. 600 மி.மீ. வாங்கினால்தான் முடியுமா?

பதில்: அவரோடு போக வேண்டாம். புது லென்ஸும் வேண்டாம். நீங்கள் "சுற்றி வருகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில், பறந்தது மஞ்சள் குருகுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மடையான் என்ற சிறு கொக்கும் இப்படித்தான் காலடியிலிருந்து எழும்பும். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாக இருந்துவிட்டு, இறக்கையை விரித்ததும் வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அது மடையான். வைக்கோல் நிற உடம்பும், இறக்கையின் பின்பாதி கறுப்பாகவும் தெரிந்தால் மஞ்சள் குருகு. இறக்கை முழுக்க ஒரே செம்பழுப்பாக இருந்தால் செங்குருகு. பறக்கும் அந்த இரண்டு வினாடியில் இறக்கையை மட்டும் பாருங்கள், போதும்.

இந்தப் பறவை மாடப்புறாவைவிடச் சற்றே நீளம், அலகிலிருந்து வால் வரை சுமார் 36 செ.மீ. நடக்கிற மனிதனைப் பார்த்தால் ஒன்று உறைந்து நிற்கும், அல்லது பறந்துவிடும். நீங்கள் இதுவரை பார்த்ததெல்லாம் பறந்தவை. உறைந்து நின்றவற்றை எத்தனை முறை கடந்து போயிருப்பீர்களோ!

அதனால் உட்காருங்கள். நாணலோ சம்பங்கோரையோ முடிந்து தெளிந்த நீர் தொடங்கும் விளிம்பு எது என்று பாருங்கள். அந்த விளிம்பில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தால் இன்னும் நல்லது. நீர் வற்றி மீன் குஞ்சுகள் ஓரத்தில் ஒதுங்கும் நாட்களில் குருகும் அங்கேதான் வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, விடிவதற்கு முன்பே, இருட்டு பிரியும்போதே போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கானாங்கோழி ஒன்று வெளியே வந்து வாலை ஆட்டிக்கொண்டு மேயத் தொடங்கும். உங்களை அந்த இடம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அடையாளம் அது. அப்புறம்தான் கண்ணுக்கு வேலை.

பறவையைத் தேடாதீர்கள், அசையும் தண்டைத் தேடுங்கள். ஒரு நாள் காலை என் எதிரே இருந்த நாணலில், காற்றே இல்லாதபோது ஒரு தண்டு மட்டும் மெல்ல வளைந்தது. வலது காலால் ஒரு தண்டையும் இடது காலால் இன்னொரு தண்டையும் பிடித்துக்கொண்டு, கால்கள் அகன்றபடி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே குருகு தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு கிடைமட்டம். கழுத்து நீளாமல் தோளுக்குள் புதைந்திருக்க, அலகு நுனி மட்டும் நீரைப் பார்த்தபடி இருந்தது. அப்படியே நாலைந்து நிமிடம். பிறகு கழுத்து பாய்ந்தது. இந்தக் காட்சிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

பலர் பெருமையோடு பகிரும் இன்னொரு படம் உண்டு. அலகு வானத்தை நோக்கி நிற்க, தொண்டைக் கோடுகள் நாணல் தண்டுகளோடு கலந்திருக்கும். "அழகாக போஸ் கொடுத்தது" என்பார்கள். அது போஸ் இல்லை, பயம். அலகை மேலே தூக்கியிருந்தாலும் அதன் மஞ்சள் கண்கள் அலகுக்குக் கீழ் வழியாக உங்களைத்தான் பார்க்கின்றன. ஒன்றிரண்டு படம் எடுத்துவிட்டு கேமராவை இறக்கி அசையாமல் இருங்கள். கழுத்தை அது சுருக்கிக்கொண்ட பிறகு தொடரலாம்.

கேமராவில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். ஃபோகஸைப் பல புள்ளிகளில் விட்டிருந்தால் அது முன்னால் நிற்கும் நாணலைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்ணின் மேல் வையுங்கள். நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும். விடியல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறிப் படம் கொஞ்சம் பொரிபொரியாக வந்தால் வரட்டும். 400 மி.மீ. லென்ஸில், 12 மீட்டர் தூரத்தில், உடம்பை நீட்டி நிற்கும் குருகு முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) கேமராவிலேயே படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் என்ன வேண்டும்? தூரம் கூடக் கூட நடுவில் குறுக்கிடும் நாணலும், வெயில் ஏறிய பின் நீர்மேல் ஆடும் கானலும் கூடும். அவற்றை எந்த லென்ஸும் நீக்காது.

இனி அந்த வழிகாட்டி விஷயம். குரல் கேட்டதும் பறவை வெளியே வருவது உங்களைப் பார்க்க அல்ல. தன் எல்லைக்குள் இன்னொரு குருகு புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, சில சமயம் முட்டையையும் விட்டுவிட்டு வருகிறது. எதிரி இல்லை. திரும்பிப் போகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி ஒலி. சனிக்கிழமை ஒரு குழு, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குழு. ஒரு கட்டத்தில் அது வருவதையே நிறுத்திவிடும், வழிகாட்டியும் அடுத்த நாணலுக்குப் போய்விடுவார். இவர்களில் சிலர் நாணலுக்குள் கல்லெறிவார்கள், படகை உள்ளே விடுவார்கள், தட்டில் மீன் வைத்துப் பழக்குவார்கள். எதுவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கூடு காட்டுகிறேன் என்பது இன்னும் மோசம். நாணல் தண்டுகளை வளைத்து நீருக்குச் சற்று மேலே அமைத்த மேடைதான் அதன் கூடு. நாலு முதல் ஆறு முட்டை இருக்கும். சுற்றியுள்ள நாணல்தான் அதற்குக் கூரையும் சுவரும். படம் தெளிவாக வர, அந்த நாணலைக் கயிறு போட்டு விலக்கிக் கட்டுவார்கள். நான் புதிதாகக் கேமரா வாங்கிய காலத்தில் ஒருவருக்குப் பணம் கொடுத்து அப்படிக் கட்டிய கூட்டைப் படம் எடுத்திருக்கிறேன். கரையோரம் இரண்டு காகங்கள் உட்கார்ந்திருந்ததும் படத்தில் இருக்கிறது. மறுநாள் போனபோது கயிறு அப்படியே இருந்தது, கூடு காலி. அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

எந்த வழிகாட்டியாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பறவை வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" "மறுபடி இன்னொரு நாள் உட்காருவோம்" என்று சொல்பவரை விடாதீர்கள். "நிச்சயம் வரும்" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை, மாலை என்று பொதுவாகச் சொல்கிறோம். இதற்கு விதிவிலக்கு உண்டு. மழை பெய்து ஓய்ந்த மந்தாரமான நாளில் நடுப்பகலிலும் விளிம்புக்கு வரும், தாராளமாகக் காத்திருக்கலாம். குஞ்சு வளர்க்கும் காலத்திலும் பகல் முழுக்க வரும், போகும். ஆனால் இந்த இரண்டாவதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. "இன்றைக்கு அடிக்கடி தெரிகிறதே" என்று மகிழ்ந்து மணிக்கணக்கில் உட்காருவார்கள். ஒரே பறவை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது என்று பொருள். உங்களைக் கண்டு உள்ளே போகாமல் அது தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சின் பசி. அதைக் கவனித்ததும் எழுந்து வேறு கரைக்குப் போய்விடுங்கள். அந்த இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், படத்தைப் பகிரும்போது அதிலுள்ள இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை பரவியுள்ள பறவைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

எந்த மாதத்தில் உங்கள் ஏரியில் அதிகம் பதிவாகிறது என்பதை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை இடும் ஈபேர்டு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதற்கும் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சில சரணாலயங்களில் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறக்கிறார்கள். பறவை மேய்ந்து முடித்து உள்ளே போன பிறகு நுழைவுச்சீட்டு எதற்கு? ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று நாணலை வெட்டிச் சிமெண்டு நடைபாதை போடுகிறார்கள். பிறகு அங்கேயே குருகின் படம் போட்ட பலகை வைக்கிறார்கள். எப்படி எடுத்தாய் என்று கேட்காமலே கூட்டுப் படங்களுக்குப் பரிசு கொடுக்கும் போட்டிகளும் இருக்கின்றன. கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

சரி, வரும் ஞாயிறு சுற்ற வேண்டாம். குருகு கடைசியாக விழுந்த இடம் நினைவிருக்கிறதல்லவா? விழுந்த இடத்தில் அது நிற்காது, நாணலுக்குள்ளேயே நடந்துவிடும். அதனால் அதற்கு இருபுறமும் உள்ள விளிம்பு தெரியும்படி, 12 மீட்டர் தள்ளி, மங்கிய நிறச் சட்டையோடு உட்காருங்கள். வெயில் சுள்ளென்று ஏறியதும் கிளம்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறும் அதே இடம்.