இரண்டாவது விண்ணப்பம்

வணக்கம்.

பல் மருத்துவம் குறித்து நீங்கள் எழுதுவதை இரண்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். சென்ற ஆண்டு மூன்று பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண்களில் குறையில்லை. ஒரு கல்லூரியிலிருந்து மட்டும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. “ஏன் பல் மருத்துவம்?” என்று கேட்டார்கள். மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் சிறுவயதுக் கனவு என்றேன். “சேவை செய்யப் பல தொழில்கள் இருக்கின்றனவே, இது ஏன்?” என்று மறுபடி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை; இடமும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் முதலில் விரும்பியது பொது மருத்துவத்தைத்தான். இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறேன். அதே கட்டுரையை இன்னும் நல்ல நடையில் எழுதிக் கொடு என்கிறார் அப்பா. பல் மருத்துவ முகாம்களில் தொண்டு செய்ததாக இரண்டு வரி சேர்த்துக்கொள், யார் விசாரிக்கப் போகிறார்கள் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் விரும்பியது பொது மருத்துவத்தைத்தான் என்பதை மிகவும் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டிய விஷயமே அல்ல அது. பல் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்படும் லூசி ஹாப்ஸ் டெய்லர், முதலில் போய் நின்றது மருத்துவக் கல்லூரியின் வாசலில்தான். பெண் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த அந்தக் கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. பல் மருத்துவத்தை முயன்று பார்க்கலாமே என்று அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பல் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகி, 1861இல் ஓஹையோ பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அங்கும் அதே காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள். அந்தக் காலத்தில் பட்டம் இல்லாமலும் பல் மருத்துவம் பார்க்க முடியும் என்பதால் சொந்தமாகத் தொழில் தொடங்கி, பிறகு அயோவா மாநிலத்துக்குப் போய் அங்கும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1865இல் அந்த மாநிலத்தின் பல் மருத்துவர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில், முன்பு மறுத்த அதே ஓஹையோ கல்லூரி, அவர் செய்திருந்த வேலையைக் கணக்கில் கொண்டு அவரை நேரடியாக இறுதியாண்டில் சேர்த்துக்கொண்டது. 1866 பிப்ரவரியில் பட்டம் பெற்றார்.

அவருக்கு நடந்தது அநீதி, உங்களுக்கு நடந்தது அதுவல்ல. இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. அவரை நினைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. 1861க்கும் 1865க்கும் நடுவே நான்கு ஆண்டு வேலை இருந்தது. உங்கள் முதல் விண்ணப்பத்துக்கும் வரப்போகும் விண்ணப்பத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் அப்பா இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள், கட்டுரை இருக்கிறது. ஒரு பல் மருத்துவரோ ஒரு நோயாளியோ இல்லை.

நண்பர்களின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கற்பித்த கல்லூரியில் பல ஆண்டுகள் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் விசாரிப்போம். முகாமை நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி அல்ல, இரண்டே கேள்விகளில். முகாமில் நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், அங்கே வந்தவர்களில் யாரை இன்னும் மறக்கவில்லை என்று கேட்போம். போகாதவர்கள் முகாமில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை சொல்வார்கள், போனவர்கள் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வார்கள். பொய் பிடிபடும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாளை ஒரு நோயாளியின் பல்லில் சிகிச்சையின்போது கருவியின் முனை முறிந்து உள்ளே தங்கிவிட்டால், அதை அவரிடம் சொல்லி, குறிப்பேட்டிலும் எழுத வேண்டியவர் நீங்கள்தான். அந்த வாயை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. விண்ணப்பத்திலேயே பொய் எழுதப் பழகியவரை அந்த நாற்காலியின் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனம் வந்ததில்லை.

ஒரு மாணவியை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். மதிப்பெண் சுமார்தான். ஒரு பல் மருத்துவரிடம் கேட்டு அனுமதி வாங்கி, சில வாரங்கள் அவருடைய கிளினிக்கில் ஓரமாக நின்று பார்த்திருந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ரூட் கேனால் சிகிச்சையைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, நோயாளியின் கைகளைப் பற்றிச் சொன்னாள். வாய் திறந்திருப்பதால் அவர்களால் பேச முடியாது, அதனால் பயம் முழுவதும் கைகளுக்கு வந்துவிடுகிறது, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப் போகின்றன என்றாள். அந்த மருத்துவர் டிரில்லை எடுப்பதற்கு முன், வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாராம். ஒரு பெரியவர் வலியே இல்லாதபோதும் ஒருமுறை கையைத் தூக்கிப் பார்த்தார், மருத்துவர் உடனே நிறுத்தினார், அதன் பிறகு அவருடைய விரல்கள் கைப்பிடியை விட்டுவிட்டன என்று அவள் சொன்னபோது, குழுவில் நாங்கள் மூன்று பேரும் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டோம். சேவை என்ற சொல்லை அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்கப்பட்ட, “இது ஏன்?” என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் பதில் வரும். பொது மருத்துவத்தில் ஒருவர் நோயைக் கண்டறிவார், இன்னொருவர் அறுவை செய்வார், மற்றொருவர் மருந்து கொடுப்பார். பல் மருத்துவத்தில் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒரே ஆள், ஒரே உட்காரலில், நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார். எச்சில் ஊறிக்கொண்டிருக்கும், நாக்கு அசைந்துகொண்டிருக்கும், மேல்வரிசைப் பற்களின் பின்பக்கத்தைச் சிறு கண்ணாடியில் இடவல மாற்றத்தோடுதான் பார்த்து வேலை செய்ய வேண்டியிருக்கும். இது உங்களுக்குப் பிடிக்குமா என்பது நேரில் பார்த்தால் மட்டுமே தெரியும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பக் கட்டுரைகளில் பலரும் மேலோட்டமாக எழுதிவிட்டுப் போகும் பகுதி இதுதான். பல்லின் மேலுறையான எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். மிகத் தடித்த இடத்திலும் அது சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை தேய்த்து எடுத்தது திரும்ப வளராது. ஆகவேதான் மாணவர்கள் நோயாளியைத் தொடுவதற்கு வெகு முன்பாகவே மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கப் பழக்கப்படுகிறார்கள். மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லைச் செதுக்கிய என் முதல் முயற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு மேடுகளில் மூன்று சரியாக வந்தன. நான்காவதைச் சரிசெய்யப் போய் அதை அழகாக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கீற்று அதிகம் சீவிவிட்டேன். மெழுகை ஒட்ட வைக்கலாமா என்று கேட்டேன். நாளை பல்லை ஒட்ட வைப்பாயா என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் புதிய கட்டியைக் கையில் கொடுத்தார். கைத்திறனை விண்ணப்பத்தின்போதே சோதித்த காலமும் உண்டு. அமெரிக்காவில் 1950இல் நாடு முழுவதும் வந்த பல் மருத்துவச் சேர்க்கைத் தேர்வில் சாக்கட்டியைச் செதுக்கும் பகுதி இருந்தது. பின்னாளில் அதை நீக்கிவிட்டு, வடிவங்களைக் கண்ணால் பகுத்தறியும் எழுத்துத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். கனடாவில் சோப்புக் கட்டியைச் செதுக்கும் தேர்வு இன்னும் வெகுகாலம் நீடித்தது. ஆகவே நீங்கள் ஓவியம் வரைவீர்கள், தைப்பீர்கள், இசைக்கருவி வாசிப்பீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் எனக்கு நுண்ணிய கைத்திறன் உண்டு என்று எழுதாதீர்கள். எந்த இடத்தில் கை தவறியது, அதைக் கவனித்து என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் அப்பா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பது இதற்குள் புரிந்திருக்கும். அவர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையில் குறை இருந்தது நடையில் அல்ல. எழுதும்போது உங்களிடம் எழுத ஒன்றும் இருக்கவில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கும் இதுவே பொருந்தும்: பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாமல், உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு ஆசிரியரிடம் கேளுங்கள். சேர்க்கை முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். சில இடங்களில் நேர்காணலே இல்லை, நுழைவுத் தேர்வு மதிப்பெண் மட்டுமே தீர்மானிக்கும். அங்கே விண்ணப்பிப்பவருக்கும், சேர்வதற்கு முன் இந்தத் தொழிலை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஐந்தாண்டு படித்த பிறகு பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்ட மாணவர்களின் முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இப்போது கட்டுரையைத் தொடாதீர்கள். வீட்டுக்கு அருகிலுள்ள பல் மருத்துவர் ஒருவரிடம் நேரில் போய், மீண்டும் விண்ணப்பிக்கிறேன், ஓரமாக நின்று பார்க்க அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள். முதலாமவர் மறுத்தால் அடுத்தவரிடம் கேளுங்கள். நோயாளியும் சம்மதித்தால் மட்டும் உள்ளே நில்லுங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும், யாருடைய பெயரும் அடையாளமும் இல்லாமல், பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் ஐந்து வரிகளுக்குள் எழுதி வையுங்கள். சலிப்பாக இருந்த நாளில் சலிப்பாக இருந்தது என்றே எழுதுங்கள். சில வாரங்கள் போன பின்பும் பொது மருத்துவமே மனத்தில் நிற்கிறது என்றால், எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல் அதற்கே மீண்டும் முயலுங்கள். இல்லை, மறுநாள் எப்போது விடியும் என்று இருக்கிறது என்றால், அந்தக் குறிப்பேட்டிலிருந்து கட்டுரையை எழுதி எனக்கு அனுப்புங்கள். நடையைத் திருத்தித் தர மாட்டேன். நீங்கள் நேரில் பார்க்காமல் எழுதியிருக்கும் வரிகளின் கீழ் மட்டும் கோடிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்.