வலது அடிவயிற்றில் வலி வந்தால் அது அப்பெண்டிக்ஸ் மட்டும்தானா?

தம்பிக்கு வலது அடிவயிற்றில் வலி, அப்பெண்டிக்ஸாம், காலையில் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் வந்தது அது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்காரருக்கு அதே இடத்தில் வலி. ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் துடித்துப்போனார். அப்பெண்டிக்ஸ் என்று அட்மிஷன் போட்டு, ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ராத்திரி டியூட்டிக்கு வந்த டாக்டரம்மாதான் நிதானமாக நின்று கேட்டார், வாந்தி உண்டா, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று. இரண்டும் இல்லை. இவர் பசிக்கிறது என்று இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் கூடவில்லை. எங்கே வலி என்றதற்கு ஒற்றை விரலை வைத்துக் காட்டினார். வயிற்று ஸ்கேனில் தெளிவாக எதுவும் தெரியாததால் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

எபிப்ளோயிக் அப்பெண்டஜைடிஸ் என்று வந்தது. பெருங்குடலின் வெளிப்பக்கம் நெடுக 50 முதல் 100 வரை சின்னச் சின்னக் கொழுப்புத் தொங்கல்கள் நம் எல்லோருக்கும் உண்டு. அதில் ஒன்று முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழற்சியாகிவிடும். இடப்பக்கம் வருவதுதான் அதிகம். இவருக்குக் குடல்வாலுக்கு, அதாவது அப்பெண்டிக்ஸுக்கு, பக்கத்திலேயே வந்துவிட்டது. வலி மாத்திரையிலேயே பத்து நாளில் சரியானது, கத்தி படவில்லை.

ஆபரேஷனைத் தடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, எனக்கும் தெரியும். டாக்டரிடம் "வேறு எதுவும் இல்லை என்று பார்த்தாயிற்றா, சிடி தேவைப்படுமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். ஆபரேஷன் நடக்கவில்லை, பரிசோதனைக்காகத்தான் சேர்ந்திருக்கிறார் என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். ஒன்பது வருடம் ஒரு தவணை தவறாமல் பிரீமியம் கட்டியவர். வயிற்றைத் திறந்திருந்தால் பணம் வந்திருக்கும். மூன்று முறை கடிதம் எழுதினேன், அதே பதில். இன்னும் மனது ஆறவில்லை.

தம்பியின் வயதை நீங்கள் சொல்லவில்லை. பதின்வயதுப் பையன் என்றால் விரையில் வலித்தாலும் வெட்கப்பட்டு அடிவயிறு என்று சொல்லக்கூடும். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், இப்போதே.