கழுத்துக் குழாயில் அடைப்பு, பார்வை போனது ஏன்?

சகோதரி, சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இடது கழுத்து ரத்தக்குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருக்கிறது, ஆனால் கை கால் நன்றாக இருக்க இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வை மட்டும் போயிருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம்.

வலப்பக்கப் பார்வையைக் கவனிப்பது இடது பின்மூளை. பார்வைக்கான பின்மூளைக்கு ரத்தம் பெரும்பாலும் முதுகெலும்புத் தமனிகள் வழியாகத்தான் போகும். ஆனால் கருவில் அந்த ரத்தம் கழுத்தின் முன்குழாயிலிருந்து வருகிறது; அப்பாவுக்குச் சுருங்கியிருப்பது இந்தக் குழாய்தான். சிலருக்குப் பிறந்த பிறகும் அந்த அமைப்பு மாறுவதில்லை. நோய் இல்லை, பிறவி அமைப்பு. பலருக்கு ஆயுள் முழுக்கத் தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவருக்குக் கழுத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி நேரே பின்மூளைக்குப் போய் அடைக்க முடியும்.

அதனால் மருத்துவமனைத் தவணைத் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஈப்போ மருத்துவமனைக்குப் போய், சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) படத்தில் இடது பின்மூளைத் தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். முன்குழாயிலிருந்து என்றால் அந்தச் சுருக்கமே காரணமாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையைப் பார்வை போன முதல் 2 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். முன்குழாயிலிருந்து கிளம்பவில்லை என்றால் இதயத் துடிப்பிலும் முதுகெலும்புத் தமனியிலும் காரணம் தேட வேண்டும்.

அப்புறம், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவியை இப்போதே வாங்கி வையுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள்.