பயமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே

“காலம் இவ்வளவு வேகமாக மாறும்போது, கிறிஸ்தவர்கள் விசுவாசத்தையும் விட்டுக்கொடுக்காமல், சுற்றியிருப்பவர்களுக்கு அந்நியமாகவும் ஆகிவிடாமல் இருப்பது எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பெரிய சபையில் வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்துக்கொள்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். டிரம்ஸ் வாங்கியாயிற்று, திரை மாட்டியாயிற்று, பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன, ஆனாலும் பின்வரிசை காலி. அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கமிட்டிக் கூட்டங்களில் இருபது வருஷமாகக் கேட்டுக் காது புளித்தவன் நான்.

நான் ரங்கூன்காரன். யாங்கோன் என்று எழுதுவதுதான் இப்போது முறை, ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். பயின்னாவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்குச் செயலாளர். வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, ஆகவே கிரேக்க மூலத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அப்பாவின் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் மதராஸுக்குக் கிளம்பினார்கள், அப்பா மட்டும் இருந்துவிட்டார். ஏனென்று கேட்டால், “கப்பலில் எனக்குக் குமட்டும்” என்பார். கடைசிவரை வேறு பதில் சொன்னதில்லை. 1965, 66-இல் தனியார் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் அரசின் கைக்குப் போனபோது தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் அதோடு போயின. எனக்கு அப்பா வேதாகமத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். ஆதியாகமம்தான் என் அரிச்சுவடி. 2016-இல் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் “திரளான ஜனங்கள் நிற்கிறார்களே, வண்டி வரத் தாமதிக்குமோ?” என்று கேட்டேனாம். சித்தப்பா மகன் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தமிழும் விசுவாசமும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை. எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியாது. ஆகவே, போதகர் ஐயா மாதம் ஒரு ஞாயிறு பர்மிய மொழியில் ஆராதனை வைக்கலாமா என்று கேட்டபோது எழுந்து நின்று எதிர்த்தது நான்தான். “தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது 1715-இல். அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மிய வேதாகமத்தை முடித்தது 1834-இல். நூறு வருஷத்துக்கு மேல் மூத்தவர்கள் நாம், நாம் ஏன் இறங்கிப் போகவேண்டும்?” என்று பேசினேன். கைதட்டுக்கூட விழுந்தது. அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: “உங்கள் ஆண்டவருக்குப் பர்மியம் தெரியாதா?”

அவள் பர்மாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான கரேன் சமூகத்துப் பெண். நாங்கள் வீட்டில் பேசுவது பர்மியம். மகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்து தெரியாது. அதனால் நான் ஒரு வேலை செய்திருந்தேன். நூறு பக்க நோட்டு ஒன்றில் ஜெபங்களையும் நாலைந்து பாட்டுகளையும் பர்மிய எழுத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன். சொல் தமிழ், எழுத்து பர்மியம். பிள்ளை அதைப் பார்த்துத் தமிழில் ஜெபம் சொல்வாள், நான் சபையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

2012 கிறிஸ்துமஸ். அவளுக்கு ஒன்பது வயது. பரமண்டல ஜெபம் சொல்ல மேடையில் ஏற்றியிருந்தார்கள். வழக்கமாகக் கூட்டத்தோடு சேர்ந்து முணுமுணுப்பவள், அன்று தனியாக, மைக்கில். நோட்டைப் பிரித்து, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்: “பயமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே.”

முன்வரிசையில் ஒரு கிழவி “ஐயோ” என்றாள். பின்னால் சிரிப்பு. பிள்ளை நிறுத்தவில்லை. “பயிசுத்தப்படுவதாக” என்றாள்.

தப்பு அவளுடையது இல்லை. பர்மிய எழுத்தில் ரகரத்துக்கென்று ஓர் எழுத்து உண்டு, ஆனால் இன்றைய பேச்சில் அதை யகரமாகத்தான் ஒலிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனதும் அந்த எழுத்தினால்தான். நான் எழுதும்போது என் காதில் ‘ர’ கேட்டது, அவள் படிக்கும்போது ‘ய’ வந்தது. ஐந்தாறு மாதமாக என் மகள் பயமண்டலத்துப் பிதாவிடம் ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் கவனிக்கவேயில்லை. அதுதான் எனக்கு உறைத்தது, சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வந்து உட்காரவைத்துச் சொன்னேன். “பயம் என்றால் தெரியுமா? நீ பயப்படுகிற மண்டலம் என்று சொல்லிவிட்டாய் கண்ணு.”

அவள் முகம் சுருங்கியது. “பயா இருக்கிற மண்டலம்தானே அப்பா? சரியாகத்தானே சொன்னேன்?”

பர்மியம் தெரியாதவர்களுக்கு: அங்கே கடவுளுக்குச் சொல் ‘பயா’. புத்தருக்கும் பயா, ஷ்வேடகோன் பகோடாவுக்கும் பயா. அந்தச் சொல்லையும் எழுதும்போது ரகரம் போட்டுத்தான் எழுதுகிறார்கள். என் மகள் ஜெபத்தை அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கவில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, பயா வாழும் மண்டலத்தை நினைத்துச் சொல்லியிருக்கிறாள். சபையில் அந்த ஜெபத்தின் முதல் வார்த்தையை யோசித்துச் சொன்ன ஒரே ஆள் அன்றைக்கு அவளாகத்தான் இருக்கும்.

இங்கே ஒருவர் வருவார், “அப்படியானால் புத்தரும் நம் தேவனும் ஒன்று என்கிறீரா?” என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமானால் ஜட்சனிடம் போய்க் கேளுங்கள். அந்த மனுஷர் 1813-இல், எங்கள் தாத்தாமார் போலவே, மதராஸில் கப்பலேறி ரங்கூனில் இறங்கினார். வேதத்தைப் பர்மியத்தில் போடும்போது கடவுளுக்கு எடுத்தது அதே பயாவைத்தான், ஆண்டவர் என்று பொருள்படும் ‘தகின்’ என்பதைப் பின்னால் சேர்த்து. 1819-இல் சாலையோரத்தில் ஒரு சயாட் கட்டினார். சயாட் என்றால் நம் ஊர்ச் சாவடி மாதிரி. போகிறவர் வருகிறவர் உட்கார்ந்து இளைப்பாறுகிற, சமயம் பேசுகிற இடம். பர்மியருக்குப் பழகிய இடம் அது. அங்கேயே உட்கார்ந்து பேசினார். முதல் ஆள் மாவுங் நாவு ஞானஸ்நானம் பெற்றது அந்த வருஷம் ஜூன் மாதம்தான். வந்து இறங்கி ஆறு வருஷம். உங்கள் கமிட்டி ஆறு வருஷம் பொறுக்குமா? எங்கள் கமிட்டி ஆறு வாரம் பொறுக்காது.

ஆனால் சொல்லை மாற்றியவர் சரக்கை மாற்றவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு மொஹிங்கா ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும், ஆனாலும் ஒன்பது வருஷமாக மனதில் கிடக்கிறது. சென்னையில் பர்மா பஜார் பக்கம் சொந்தக்காரர்கள் கூட்டிப்போய் “உங்க ஊர்ச் சாப்பாடு” என்று அத்தோ வாங்கிக்கொடுத்தார்கள். அத்தோ என்றால் பர்மியத்தில் பிசைந்தது, கலந்தது, அவ்வளவுதான். எதைப் பிசைந்தது என்று சொன்னால்தான் பண்டத்தின் பெயர் முடியும். சரி, அது போகட்டும். மொஹிங்கா என்று ஒரு கிண்ணம் வந்தது. வாழைத்தண்டு மிதந்தது, மீன் இல்லை. மீனைக் கரைத்துக் காய்ச்சாத குழம்பு எப்படி மொஹிங்கா ஆகும்? கேட்டதற்கு, “இங்கே எல்லாரும் சாப்பிடணும்ல அண்ணே” என்றார் கடைக்காரர். எல்லாரும் சாப்பிட்டார்கள்தான், நல்ல கூட்டம். நான் பாதியில் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சொந்தக்காரர் ஒருவர், “பர்மாவிலே நீங்க எப்போ கிறிஸ்டின் ஆனீங்க?” என்று கேட்டார். அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே தேவாலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ரங்கூனிலோ அலுவலகப் படிவத்தில் என்னைப் பார்த்த மாத்திரத்தில் ‘இந்து’ என்று எழுதிவிட்டு நிமிர்கிற எழுத்தர்கள் உண்டு. கிறிஸ்தவன் என்றால் சின், கச்சின், கரேன் இனத்தார் என்றுதான் இங்கே நினைப்பு. இரண்டு கரையிலும் நான் யாரென்று மற்றவர்தான் சொல்கிறார்கள். போகட்டும்.

2013 ஜனவரியில் பர்மிய ஆராதனைத் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். பழைய பேச்சை எடுத்துக் காட்டி இரண்டு பேர் என்னை நார் நாராகக் கிழித்தார்கள், வாங்கிக்கொண்டேன். இரண்டு குடும்பங்கள் விலகின. ஒன்று திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை. கரேன், பர்மிய மருமகள்கள் அதுவரை வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள், அந்த ஒரு ஞாயிறு மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெரிய எழுப்புதல் ஒன்றும் நடக்கவில்லை.

அதே மாதம் இன்னொன்றும் செய்தேன். அதற்குத்தான் அதிகம் வசவு. மகளைத் தமிழ் எழுத்துப் படிக்க அனுப்பினேன். எங்கள் வட்டாரத்தில் தமிழ் வகுப்பு நடப்பது இந்துக் கோவில் மண்டபத்தில். சாயங்காலம் ஒரு மணி நேரம், சம்பளம் கிடையாது. ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “தம்பி, பிள்ளையைக் கோவில் படி ஏற விடுறீங்களே.”

“அண்ணே, எழுத்துச் சொல்லிக்கொடுக்க நம்ம சபையிலே ஆள் காட்டுங்க, நாளைக்கே நிறுத்திடுறேன்.”

“வெள்ளிக்கிழமை சுண்டல் குடுப்பாங்களே?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், எட்டாம் அதிகாரம். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்பதே அங்கே பேச்சு. சாப்பிடுவதால் நமக்கு மேன்மையும் இல்லை, சாப்பிடாததால் குறைவும் இல்லை என்று பவுல் சொல்வதை நான் எடுத்தேன். அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தை அவர் எடுத்தார். என் சாப்பாடு சகோதரனுக்கு இடறல் என்றால் நான் என்றைக்குமே மாம்சம் சாப்பிடமாட்டேன் என்கிறது அது. இரண்டும் பவுல்தான். சுண்டல் வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். பாவம் என்பதால் இல்லை, அந்தப் பெரியவர் ராத்திரி தூங்கவேண்டும் என்பதால். உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் நிம்மதி இருந்தது, மறைக்கவில்லை. தமிழ் வாத்தியாருக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. அடுத்த வெள்ளி முதல், மற்றப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும் நேரத்தில், தெருமுனைக் கடையில் தன் காசில் வாங்கிய ஒரு வாழைப்பழத்தை இவள் கையில் வைப்பார். படைக்காதது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரகரத்தை நாற்பது தடவை எழுதவைத்தவரும் அவர்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாலிபர்களை எப்படிப் பிடித்துவைப்பது என்றுதானே உள்ளுக்குள் கேட்கிறீர்கள்? எங்கள் பாடகர் குழுவில் பதினான்கு பேர் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. இப்போது குழுவில் மூன்று பேர். அதில் ஒருவர் நான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன், பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். டிரம்ஸ் வாசித்த பையன் தாய்லாந்தில் மீன் ஆலையில் இருக்கிறான். ஆராதனை சலித்துப்போய்ப் போனவன் இல்லை அவன். கரண்டு இருக்கிற ஞாயிறுகளில் போனைப் பிரசங்க மேடைமேல் சாய்த்துவைத்து அவனுக்கும் காட்டுகிறோம். முக்கால்வாசி நேரம் அவனுக்குத் தெரிவது எங்கள் மின்விசிறிதான். அதையும் பார்க்கிறான்.

என் மகளும் போய்விட்டாள். மலேசியாவில், கிள்ளானில், ஓர் உணவகத்தில் வேலை. சுற்றிலும் தமிழர்கள். அங்கே தமிழ்ச் சபையில் போன மாதம் ஜெபம் சொல்லச் சொன்னார்களாம். “சொன்னியா?” என்றேன். “சொன்னேன், யாரும் சிரிக்கலை” என்றாள். அப்புறம் ஒரு படம் அனுப்பினாள். அந்த நூறு பக்க நோட்டு. அவள் போனதிலிருந்து அலமாரியில் தேடிக்கொண்டிருந்தேன், எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என் பர்மிய எழுத்துக்கு மேலே, ரகரம் வரும் இடத்திலெல்லாம், பென்சிலால் குட்டிக் குட்டியாக ஒரு தமிழ் ‘ர’. கோவில் வகுப்பில் படித்த காலத்துக் கையெழுத்து, தலை பெருத்து, கால் சாய்ந்து. பரிசுத்தத்துக்குப் போட்டிருக்கிறாள். ராஜ்யத்துக்குப் போட்டிருக்கிறாள். முதல் வார்த்தைக்கு மட்டும் போடவில்லை.